இரவில் ஐந்து, மதியம் இரண்டு

கணவர் ஆபேலின் தலைவிளக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்பதை லீலாபாய் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த மரத்தில் பால் வெட்டப் போனாள்.

பேச்சிப்பாறை சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிக் கிடந்தது அந்த ரப்பர் தோட்டம். மேட்டில் இருநூறு மரம், பள்ளத்தில் இருநூறு மரம். மேட்டு மரங்கள் ஆபேலுக்கு, பள்ளத்து மரங்கள் அவளுக்கு. கல்யாணமான மறு வருடத்திலிருந்து இருபத்தாறு வருடமாக அப்படித்தான். வெளுப்பாங்காலத்துக்கு வெகு முன்பே இருவரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரிவார்கள். மேட்டில் அவருடைய வெளிச்சம் மரத்துக்கு மரம் தாவிப் போகும். அதைக் கீழிருந்து பார்த்தே அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று லீலாபாய் சொல்லிவிடுவாள். அன்று வெளிச்சம் நின்றுவிட்டது. இளைப்பாற உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். எண்பது மரம் வெட்டி, கிழக்கு வெளுத்த பிறகுதான் ஏறிப் போனாள். ஆபேல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை ஆறிப்போயிருந்தது.

எண்பது மரம் வெட்ட ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அதற்குப் பிறகு அவளைத் தூங்க விடவில்லை. கண்ணை மூடினால் போதும், பள்ளத்தில் நின்று வெட்டிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு மரமாக எண்ணுவாள். எண்பதாவது மரத்தில் எழுந்து உட்காருவாள்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் தோட்டத்து முதலாளி சிவதாணு வந்தார். பூதப்பாண்டிக்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மேட்டு மரங்களுக்கு முருகதாஸ் என்று ஒரு வெட்டுக்காரனைப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"வேண்டாம் மொதலாளி. மேட்டையும் நானே வெட்டுதேன்."

"ஒத்தைக்கு நானூறு மரமா? ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"கொஞ்சம் நேரத்தே எழும்பினா தீந்திரும்."

"நேரத்தேன்னா எப்பம்? நீ எழும்புத நேரத்துல கோழியே உறங்குமே."

லீலாபாய் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நடக்கட்டும். மரத்துக்குக் கேடு வராம பாத்துக்கிடு" என்று எழுந்தார்.

ஆபேல் தொட்டு வெட்டிய பட்டையில் இன்னொருவன் கத்தி படக்கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றிலிருந்து இரண்டரை மணிக்கு எழுந்தாள். வெட்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆனால் வெட்டில்லாத நாளிலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். உறக்கம் வரும்போது எழும்பும் நேரமாகியிருக்கும்.

ஐம்பது நாள் இப்படிப் போனது. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பிரீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதினார்.

"படுக்கையில போய்ப் படுத்த பெறவுதான் போடணும். போட்டுட்டு அடுக்களையில நின்னு பாத்திரம் கழுவப்படாது. பதினஞ்சு நாளுக்குத்தான் தாறேன், தீந்தா என்னைய வந்து பாக்கணும். இருமல் மருந்தோ ஜலதோஷ மாத்திரையோ எங்கிட்ட கேக்காம இதுகூடச் சேத்துக் குடிக்காதுங்க. ஏழெட்டு மணிக்கூர் உறங்க முடியும்னா மட்டும் போடணும். உறங்க நேரம் உண்டுல்லா?"

லீலாபாய் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒன்பதரைக்குப் படுத்தால் இரண்டரை வரை ஐந்து மணி நேரம். மரப்பால் எடுத்து, உறையவைத்து, ரப்பர் ஷீட் அடித்து, கஞ்சி குடித்துவிட்டு மதியம் படுத்தால் இரண்டு மணி நேரம். பால்வெட்டுக்காரர்களின் உறக்கம் என்றைக்கும் இரண்டு துண்டுதான். அவள் அப்பா அப்படித்தான் உறங்கினார், ஆபேல் அப்படித்தான் உறங்கினார். ஐந்தும் இரண்டும் ஏழு.

"உண்டு டாக்டரே" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

மாத்திரை வேலை செய்தது. முதல் இரவு கிணற்றில் விழுந்த கல்லைப் போல உறங்கினாள். எண்பதாவது மரம் வரவில்லை. ஒரு மரம்கூட வரவில்லை. அலாரம் அடித்து எழுந்தபோது தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. கால் அதுபாட்டுக்கு நடந்தது, கை அதுபாட்டுக்கு வெட்டியது. வெயில் ஏறிய பிறகுதான் பஞ்சு மெல்ல உலரும். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

துக்கமும் அந்தப் பஞ்சுக்குள்ளேயே எங்கோ அமுங்கிப் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் ஆபேலுக்குக் கல் பதித்த அன்று பிரீனா மண்ணில் விழுந்து அழுதாள். லீலாபாய் கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றாள். பிறந்த தேதி சரியாக இருந்தது. இறந்த தேதியும் சரியாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சு மரத்துப்போன பெண்ணுக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கை அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

பதினைந்து நாள் தீர்ந்தபோது டாக்டரிடம் போகவில்லை. போனால் ஒரு நாள் வெட்டு கெடும். பழைய சீட்டை ஒரு மருந்துக்கடையில் நீட்டினாள். கடைக்காரர் தேதியைப் பார்க்காமல் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் வேறொரு கடை. மூன்றாம் மாதத்தில் ஒரு மாத்திரை நடுச்சாமம் வரைக்கும்தான் தாங்கியது. விழித்துக் கிடக்கையில், இன்றைக்குப் போட்டோமா இல்லையா என்று நினைவு வராது. போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொன்றைப் போட்டாள். நடுச்சாமத்துக்கும் இரண்டரைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று அவள் கூட்டிப் பார்க்கவில்லை.

டிசம்பர் வந்தது. துக்க வீடு என்பதால் அவள் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. மூன்று நாளாகச் சாரலில் நனைந்ததில் நெஞ்சு கட்டியிருந்தது. பிரீனா எப்போதோ விட்டுப்போன இருமல் மருந்தில் இரண்டு மூடி குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை, பால் எடுத்து வீட்டுக்கு வந்தவள் அடுக்களையில் திகைத்து நின்றாள். பதினொரு கண்ணாடித் தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அலமாரியின் மேல்தட்டில் காகிதம் சுற்றி வைத்திருந்த தம்ளர்கள். யார் எடுத்தது?

வாசலில் ஸ்டெனியின் குரல் கேட்டது. சபையின் பாடகர் குழுவை நடத்துகிற டீச்சர் அவள்.

"அக்கா, தட்டைக் கொண்டு வந்தேன். முறுக்கெல்லாம் காலி. எங்க ஆளுகளுக்குப் பாட்டு வருதோ இல்லியோ, வயிறு நல்லா வரும்."

"என்ன தட்டு மக்களே?"

"நேத்து தந்தேளே." ஸ்டெனி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடப்படாது. கட்டன்சாயாவுல சீனிக்குப் பதிலா உப்பா போட்டிய? ஒருத்தரும் வாயத் தொறக்கல்ல. துக்க வீடுன்னு நெனச்சு எல்லாரும் கடவுளேன்னு குடிச்சு எறக்கியாச்சு. அடித்தொண்டையில பேஸ் பாடுதவரு மட்டும் ரெண்டாவது தம்ளர் கேட்டாரு. அவருக்கு நாக்கும் கெடையாது போல."

லீலாபாய் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து கரோல் வந்தியளா?"

ஸ்டெனியின் சிரிப்பு நின்றது. "என்னக்கா இது? ராத்திரி பதினோரு மணிக்கு வந்தோம். நீங்கதான் கதவத் தொறந்தது. சாயா போட்டுத் தந்தேளு. அடுப்ப அணைக்காம எங்ககூட வந்து முட்டுக்குத்தி இருந்தேளு, நான்தான் ஓடிப்போய் அணைச்சேன். பெறவு நீங்களே ஜெபமும் பண்ணினேளு."

"நானா? என்ன சொன்னேன்?"

ஸ்டெனி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆபேலண்ணனுக்க வெளிச்சம் நின்னத நான் பாத்தேன், பாத்துட்டும் போகல்ல, ஒரு மணிக்கூர் பிந்திப் போச்சு, ஆண்டவரே என்னைய மன்னியும்னு சொன்னேளு. எல்லாரும் அழுதாச்சுக்கா."

பெற்ற மகளிடமும் சொல்லாத சொல் அது. பத்துப் பேர் முன்னால் முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறாள். சொன்ன வாய் அவளுடையது, கேட்ட காது மட்டும் அவளுடையதாக இல்லை. நெஞ்சு வெடித்திருக்க வேண்டிய இடம். எதுவும் வெடிக்கவில்லை. "சாயா குடிக்கியா?" என்று கேட்டாள். ஸ்டெனி வேண்டாம் என்று அவசரமாகத் தலையசைத்தாள்.

அந்த வாரமே சிவதாணு தோட்டத்துக்கு வந்தார். பள்ளத்தில் ஒன்றும் பேசவில்லை. மேட்டில் மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நின்று, ஒரு மரத்தின் வெட்டுத் தடத்தில் விரலை வைத்தார்.

"இது என்னது?"

கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே மரத்தைத் தொட்டிருந்தது. அப்படித் தொட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் ஏறும். அடுத்த மரத்திலும் அப்படி. மொத்தம் முப்பத்தொரு மரம். மேட்டில் மட்டும் இருபத்தாறு.

"ஆபேலு இருந்த காலத்துல ஒரு மரத்துல இப்படி ஒண்ணு காட்ட முடியாது. நான் ஒன்ன ஏசல்ல லீலாபாய். ஒனக்கு முடியல்ல. இலை உதிந்து மரத்துக்கு ஓய்வு வரட்டும். அது முடிஞ்சா மேட்ட முருகதாஸ் வெட்டட்டும்."

"மொதலாளி, அது மட்டும் செய்யாதுங்க." அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "ஓய்வு முடியுத வரைக்கும் டைம் தாங்க. நான் நேராக்கிருவேன்."

அந்த வெட்டுகளில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில் இல்லை. சாயா போட்டது நினைவில்லாததுபோலவே இதுவும். மாத்திரைதான் செய்கிறது என்று புரிந்த மாத்திரத்தில், மிச்சமிருந்த அட்டைகளை எல்லாம் பிய்த்துக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். தீர்ந்தது சனியன் என்று நினைத்தாள்.

தீரவில்லை. அந்த இரவு கண் பொருந்தவே இல்லை. மறு இரவு உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, சுவரில் எறும்பு ஊர்வதுகூடக் காதில் விழுவதுபோல் இருந்தது. எண்பது மரமும் திரும்பி வந்தன, வரிசை கலைந்து. மூன்றாம் நாள் கஞ்சித் தட்டு கையிலிருந்து நழுவியது. போனில் அம்மா பேசுவது குழறுவதைக் கேட்ட பிரீனா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தார். "பதினஞ்சு நாளுக்குத் தந்தது. மூணு மாசமா போடுதியளா?"

லீலாபாய் ஒன்றையும் மறைக்கவில்லை. மருந்துக்கடைகள், நடுச்சாம மாத்திரை, இருமல் மருந்து, உப்புச் சாயா எல்லாவற்றையும் யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டரைக்கு."

"காலையில ரெண்டரைக்கா? அப்பம் ஏழு மணிக்கூர் உண்டுன்னு சொன்னியளே?"

"ராத்திரி அஞ்சு, மத்தியானம் ரெண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"மருந்துக்கு அந்தக் கணக்கு தெரியாதே அம்மா. ராத்திரி போட்டது ஒங்க ரத்தத்துல கெடக்கும்போ நீங்க கத்தியத் தூக்கிட்டு மலையேறிப் போயிருக்கிய. பாதி ஆளு முழிச்சு, பாதி ஆளு உறங்கி. கால் தெத்திப் பாறையில விழாம இருந்தது ஒங்க பாக்கியம். இருமல் மருந்து வேற சேந்திருக்கு. ரெண்டும் சேந்தா சில பேருக்கு மூச்சே தாழ்ந்து போவும். எப்பம் எழும்புவியன்னு நானும் கேட்டிருக்கணும். கேக்கல்ல."

"எல்லாத்தையும் தூரக் கொட்டியாச்சு டாக்டரே. இனி தொடமாட்டேன்."

"அது அடுத்த தப்பு. இத்தன நாளு போட்டத ஒரே நாள்ல நிறுத்தினா ஒடம்பு இப்படித்தான் ஆடும். சிலருக்கு வலிப்பே வரும். பையப் பையத்தான் எறக்கணும். எப்படி எறக்கணும்னு நான் எழுதித் தாறேன். அது தீருத வரைக்கும் ஒம்பதுக்குப் படுத்தா அஞ்சு மணிக்கு முன்ன எழும்பப்படாது. தலை தெளிஞ்ச பெறவுதான் கத்தியத் தொடணும்."

"அப்போ நானூறு மரம் முடியாது."

"முடியாது" என்றார் டாக்டர்.

பிரீனா அம்மாவோடு தங்கினாள். மாத்திரைகளைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டி, ஒன்பது மணிக்கு அன்றைக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் சபைக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. நடுச்சாமம் விழித்தால் லீலாபாய் டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஒரு மாத்திரை முக்காலாயிற்று, பிறகு அரை. டாக்டர் எழுதியபடி வாரங்கள் நகர்ந்தன. அந்த வாரங்களில் வெட்டில்லாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் இலை உதிர்ந்து தோட்டம் மொட்டையாயிற்று. மரங்களும் அவளோடு ஓய்ந்து நின்றன.

பங்குனியில் புதுத் தளிர் வந்ததும் சிவதாணு வந்தார். வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் நின்றே பேசினார். மனதில் எதையோ முடிவு செய்துகொண்டு வந்தவர்போல் இருந்தார்.

"மகள்கிட்ட எல்லாம் கேட்டேன். மனசு கேக்கல்ல. ஆபேலு பாத்த மரம். இப்பம் நல்லா உறங்குதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, மேடும் ஒனக்கேதான். முருகதாசுகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

இதைத்தானே அவள் நாலு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை, அரைப் பொய்தான். அன்றைக்கு அவள் கால் மாத்திரைக்கு இறங்கியிருந்தாள். முந்தின இரவு நாலு மணி நேரம் உறங்கியிருந்தாள். இன்னும் ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடலாம். சரியாகாமலும் போகலாம். கதவருகே நின்ற பிரீனா அம்மாவைப் பார்த்தாள்.

"இல்ல மொதலாளி" என்றாள் லீலாபாய். "நான் நல்லா உறங்கல்ல. அஞ்சுக்கு முன்ன எழும்பவும் முடியாது. பள்ளம் எனக்குப் போதும். மேட்ட அவனுக்குக் குடுத்திருங்க."

சிவதாணு "சரி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கிப் போனார். அவர் போன பிறகு அவளுக்கு நெஞ்சின் நடுவே ஓர் இடம் வலித்தது. கையை வைத்துப் பார்த்தாள். மாரடைப்போ என்று பிரீனா பதறினாள். "ஒண்ணும் இல்ல மக்களே, வலிக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

வெட்டுத் தொடங்கிய அன்று ஐந்தரை மணிக்கு முருகதாசைக் கூட்டிக்கொண்டு அவளே மேடேறினாள். நாற்பது வயதுக்காரன், சளசளவென்று பேசுகிறவன். மூன்றாவது வரிசையில் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றான்.

"எந்தப் படுபாவிக்க வெட்டு இது? கண்ணத் தொறந்து வெச்சிட்டு ஒருத்தன் இப்படி வெட்டுவானா?"

"நான்தான்லே."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "அக்கா, நான் தெரியாம..."

"கண்ணத் தொறந்து வெச்சிட்டுத்தான் வெட்டினேன். உறக்க மாத்திரை போட்டிருந்தேன். இப்படி இருபத்தாறு மரம் உண்டு, இந்த மேட்டுல. எல்லாத்தையும் காட்டித் தாறேன். காயத்துக்குக் கிட்ட வரும்போ கத்திய லேசாப் பிடி. ஆழத்துக்குப் போனா பாலு கூடுதலா வராது, மரந்தான் கெடும்."

இருவரும் வரிசை வரிசையாக நடந்தார்கள். அவள் ஒவ்வொரு காயத்திலும் விரல் வைத்துக் காட்டினாள். அவனும் அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்தான். கடைசி வரிசையில்தான் மறுபடி வாய் திறந்தான்.

"எனக்க வீட்டுக்காரிக்கும் உறக்கம் கிட்டாதுக்கா. ஒங்கட்ட மாத்திரை மிச்சம் கெடந்தா ரெண்டு தருவியளா?"

"தரமாட்டேன்" என்றாள் லீலாபாய். "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. எப்பம் படுக்குதா, எப்பம் எழும்புதா, எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. அவங்க கேக்கல்லண்ணாலும் சொல்லச் சொல்லு."

பிறகு அவனை மேட்டில் விட்டுவிட்டு, தன் மரங்களை வெட்ட இறங்கினாள்.